இரவல் சொற்கள்

விட்டன்பெர்க் நகரத்தில் பேத்தர் பெஸ்கன்டார்ஃப் என்றொரு நாவிதர் இருந்தார். மார்ட்டின் லூதரின் பழைய நண்பர். எப்படி ஜெபிப்பது என்று அவர் லூதரிடம் கேட்டார். 1535-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூதர் அதற்கு ஒரு சிறுநூலாகவே பதில் எழுதி அச்சில் கொடுத்தார். முழு வேதாகமத்தையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டு ஒரு வருடம்கூட நிறையாத நேரம். அப்படிப்பட்ட பேராசிரியர் ஒரு நாவிதருக்கு எழுதிய பதிலில் பாண்டித்தியத்தின் வாடையே இல்லை. தன் ஜெபம் எப்போதெல்லாம் குளிர்ந்துபோகிறது என்று சொல்லித்தான் தொடங்குகிறார்.

வேறு வேலைகளாலோ நினைவுகளாலோ மனம் ஆறிப்போய் ஜெபத்தில் நாட்டமில்லை என்று தெரிந்தால், தன் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாராம். நேரம் வாய்த்தால் சபை கூடும் கோயிலுக்கே போய்விடுவார். அங்கே பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சில வசனங்களையும் தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல என்று அவரே சொல்கிறார். சீர்திருத்தச் சபையின் தகப்பன், ஜெபம் வராதபோது செய்தது ஒப்பித்தல்தான்.

அடுத்து வருகிற எச்சரிக்கை நமக்கெல்லாம் பழக்கமானது. கொஞ்சம் பொறு, இந்த வேலையை முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கலாம் என்று மனம் சொல்லும். அந்தக் குரலை நம்பினால் ஜெபம் அன்றைக்கு இல்லாமலே போய்விடும் என்கிறார். பிறகு நண்பனின் தொழிலிலிருந்தே உவமை. நல்ல நாவிதன் கண்ணையும் கருத்தையும் கத்தியிலும் மயிரிலும் வைத்திருப்பான். கத்தி எங்கே நிற்கிறது என்பதை மறக்கமாட்டான். ஊர்க்கதை பேசிக்கொண்டு வேறெங்கோ பார்த்தால் வாடிக்கையாளரின் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவான். கவனம் சிதறிய ஜெபத்துக்கு இதைவிடப் பயமுறுத்துகிற உவமையை நான் வாசித்ததில்லை.

வழிமுறை என்று அவர் கொடுப்பது நாலு இழையில் பின்னிய ஒரு மலர் வளையம். ஒரு கட்டளையை எடுத்துக்கொள். அது எனக்கு எதைக் கற்பிக்கிறது என்று முதலில் கேள். அதற்காக நன்றி சொல். அதில் நான் எங்கே தவறினேன் என்று அறிக்கையிடு. கடைசியாக, அதைக் கைக்கொள்ளும் பலத்தைக் கேள். களவைப் பற்றிய கட்டளையை நம் ஊர்க்காரர் ஒருவர் இப்படிப் பின்னிப் பார்க்கலாம். பிறன் பொருளை எடுக்காதிருப்பது மட்டுமல்ல, வேலைக்காரிக்குச் சம்பளத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பதும் இதில் அடங்கும் என்பது பாடம். என் வீட்டுப் பூட்டை இதுவரை ஒருவரும் உடைக்கவில்லை என்பது நன்றி. அலுவலக நேரத்தில் நான் பார்க்கும் சொந்த வேலை அறிக்கை. விண்ணப்பத்தில் என்ன வரும் என்பது மற்ற மூன்றும் எவ்வளவு உண்மையாக வந்தன என்பதைப் பொறுத்தது. இந்த வரிசையில் கேட்பது கடைசியில் வருகிறது. நம்மில் பலர் ஜெபத்தைத் தொடங்குவதே அங்கேதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு லூதர் ஒரு கதவைத் திறந்தும் வைக்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நல்ல எண்ணங்கள் பெருகி வந்தால் மற்ற வரிகளை அப்படியே விட்டுவிடு, வாயை மூடிக்கொண்டு கேள், அப்போது பேசுகிறவர் பரிசுத்த ஆவியானவர் என்கிறார். மனப்பாடத்தில் தொடங்கி மௌனத்துக்குப் போகும் பாதை இது. ஆழமான ஜெபத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்ட பல புத்தகங்கள் இந்தப் பாதையின் பின்பாதியை மட்டும் விவரிக்கின்றன.

நம்முடைய சபைகளில் இந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு எழும். எழுதி வைத்ததைப் படிப்பதும் மனப்பாடமாகச் சொல்வதும் உயிரில்லாத ஜெபம். இருதயத்திலிருந்து சொந்த வார்த்தையில் வருவதே மெய்யான ஜெபம் என்பது தமிழ்ப் புராட்டஸ்டண்ட், பெந்தெகொஸ்தே வட்டாரங்களில் கேள்வி கேட்கப்படாத நம்பிக்கை. நானும் அதில் வளர்ந்தவன்தான். ஆனால் ஏதாவதொரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். அன்பும் இரக்கமும் நிறைந்த பரம தகப்பனே என்று தொடங்கும். இந்த நாளைக் காணச்செய்த கிருபைக்காக ஸ்தோத்திரம் என்று நகரும். ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே, ஆமென் என்று முடியும். தென்கோடியிலும் சென்னையிலும் மலேசியத் தமிழ்ச் சபையிலும் தொடக்கமும் முடிவும் இவைதாம். எழுதாத ஜெபப் புத்தகம் ஒன்று எல்லார் வாயிலும் இருக்கிறது. அதை ஏளனமாகச் சொல்லவில்லை. இரவல் சொல் இல்லாமல் ஜெபிக்கிறவர் யாரும் இல்லை. எங்கிருந்து இரவல் வாங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைக் காட்டி மறுப்பார்கள். அங்கே தமிழ் வேதாகமம் ‘அலப்புதல்’ என்ற அருமையான சொல்லைப் போட்டிருக்கிறது. பொருளில்லாமல் வாயாடுவது, பிதற்றுவது. மூலக் கிரேக்கச் சொல்லும் திக்கித் திணறிப் பிதற்றுவதை ஒலியிலேயே காட்டுகிற, வேறெங்கும் அரிதாகவே காணப்படுகிற சொல். கண்டிக்கப்படுவது ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது அல்ல. அதிகம் பேசினால் தெய்வம் அசைந்து கொடுக்கும் என்ற கணக்குத்தான் கண்டிக்கப்படுகிறது. அதே மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில், கெத்செமனேயில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று எழுதியிருக்கிறது. சிலுவையில் அவர் கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. லூக்கா பதிவு செய்யும் கடைசி மூச்சு 31-ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. சொந்த வார்த்தை தேடும் நிலையில் இல்லாத அந்த நேரத்தில் அவர் வாய்க்கு வந்தவை, சிறுவயதில் கேட்டு வளர்ந்த சொற்கள். முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாவதின் தொடக்கத்தையோ சேர்ந்த ‘திதாகே’ என்ற சிறு கையேடு, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லும்படி சொல்கிறது. ஆதிச் சபையின் ஜெப வாழ்வு அட்டவணையும் மனப்பாடமுமாகவே தொடங்கியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தை ஒரு கலையாக வளர்த்தவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோவான் காசியன் என்ற இளைஞர், கெர்மானுஸ் என்ற நண்பருடன், நைல் கழிமுகத்துக்கு மேற்கே உள்ள ஸ்கேத்திஸ் வனாந்தரத்தில் மூத்த துறவிகளைத் தேடிப் போனார். பல ஆண்டு கழித்து, 420-களில், இன்றைய பிரான்சின் மார்செய்யில் இருந்தபடி, அந்த உரையாடல்களை 24 பகுதிகளாக எழுதினார். 9-ஆவதும் 10-ஆவதும் ஈசாக்கு என்ற அப்பாவோடு ஜெபத்தைப் பற்றிப் பேசியவை.

பத்தாவது உரையாடல் ஒரு துயரக் காட்சியோடு திறக்கிறது. தேவனுக்கு மனித உருவம் கிடையாது என்று அலெக்சாந்திரியா ஆயர் தியோபிலுஸ் 399-இல் நிருபம் அனுப்புகிறார். அந்தப் பகுதியில் செராபியோன் என்றொரு வயோதிகத் துறவி. வாழ்நாள் முழுவதும் தேவனை ஒரு முகமும் உருவமுமாக மனதில் நிறுத்தியே ஜெபித்தவர். கற்றவர் ஒருவர் வந்து வேத ஆதாரங்களைக் காட்டி அவரை ஒப்புக்கொள்ளவைக்கிறார். எல்லாரும் மகிழ்ச்சியோடு ஜெபிக்க எழுந்து நிற்கிறார்கள். கிழவருக்கு மட்டும் வழக்கமான உருவம் வரவில்லை. தரையில் விழுந்து அழுகிறார்: என் தேவனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி நான் யாரைப் பற்றிக்கொள்வேன், யாரை வணங்குவேன் என்று. சரியான உபதேசம் ஒருவருடைய ஜெபத்தை ஒரே நாளில் வெறுமையாக்கிவிட்டது. இறையியல் கல்லூரியில் முதல் ஆண்டு முடித்த மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிக்கமாட்டார்கள்.

உருவமும் கூடாது, மனமும் நிற்கமாட்டேன் என்கிறது; பிறகு எதைப் பிடித்துக்கொள்வது? கெர்மானுஸ் தன் குறையைக் கொட்டுகிறார். ஒரு சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினால் முடியும் முன்னே மனம் வேறொன்றுக்குத் தாவுகிறது. அங்கிருந்து சுவிசேஷத்துக்கு, அங்கிருந்து நிருபத்துக்கு. எல்லா இடத்திலும் விருந்தாளி, எங்கும் குடியில்லை. ஈசாக்கின் பதில், 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். உதவிக்கு விரைந்து வரும்படி தேவனைக் கூப்பிடுகிற அந்த ஒரே வரி. பசிக்கும்போதும் அதுதான், தூக்கம் வராதபோதும் அதுதான். கோபம் வந்தாலும், ஜெபத்தில் இனிமை பொங்கிப் பெருமை தலைதூக்கினாலும் அதே வரி. அதைச் சொல்லிக்கொண்டே உறங்கு, விழித்ததும் முதலில் அதுவே வரட்டும். மனம் மற்ற எல்லா எண்ணச் செல்வத்தையும் விட்டுவிட்டு இந்த ஒரு வரியின் ஏழ்மைக்கு வரவேண்டும் என்கிறார் ஈசாக்கு. ஆவியில் எளிமையுள்ளவர்களைப் பற்றிய பாக்கியவசனத்தை அவர் இப்படித்தான் வாசிக்கிறார்.

இதன் பலன் என்ன என்பதைச் சொல்லுமிடம்தான் எனக்கு இந்த உரையாடலின் உச்சம். இப்படிப் பழகியவன் சங்கீதங்களைப் பாடும்போது, தாவீது எழுதியதைப் பாடுகிறோம் என்ற உணர்வே போய்விடும். அப்போதுதான் தன் உள்ளிலிருந்து பிறந்ததுபோல அந்தச் சொல் வரும். அதன் பொருளை விளக்கவுரையால் அல்ல, தான் பட்ட பாட்டால் அறிவான். இரவல் நகையை ஒரு நாள் திருப்பிக் கொடுத்தாகவேண்டும். இரவல் சொல் அப்படியல்ல, போட்டுத் தேய்த்தவனுக்கே சொந்தமாகிவிடுகிறது.

ஆறாம் நூற்றாண்டில் பெனதிக்து தன் துறவு மடங்களுக்கு ஒழுங்கு எழுதியபோது பகல் ஜெபவேளைகளை இந்த வசனத்தோடே தொடங்கவைத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் வேளை ஜெபங்கள் இன்றும் அதைச் சொல்லியே தொடங்குகின்றன. அவருடைய மடங்களில் 150 சங்கீதங்களும் வாரத்துக்கு ஒருமுறை முடிந்தாகவேண்டும். முன்னோர் ஒரே நாளில் செய்ததை மந்தமான நாம் ஒரு வாரத்திலாவது செய்வோம் என்கிறார். அதில் லேசான கிண்டல் தொனிக்கிறது. ஆனால் தனி ஜெபம் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும் என்றும் அவரே எழுதினார். நீண்ட ஜெபமே ஆழமான ஜெபம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவேண்டிய வாக்கியம்.

முதலாம் சங்கீதத்தில் பாக்கியவான் இரவும் பகலும் வேதத்தைத் ‘தியானிக்கிறான்’. தியானம் என்றதும் நமக்குக் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவர் தோன்றுகிறார். மூல எபிரெயச் சொல் ‘ஹாகா’. ஏசாயா 31-இல் இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும், 38-இல் புறா முனகுவதற்கும் அதே சொல்தான். ஆக, சங்கீதக்காரன் காட்டும் ஆள் உதட்டை அசைத்து, தனக்குள் முனகி, வரியை மென்றுகொண்டே இருக்கிறவன். நம் மொழியில் இதற்கு நேர்ச்சொற்கள் உண்டு: உருப்போடுவது, அசைபோடுவது. இடைக்காலத் துறவிகளும் மாடு அசைபோடுவதைத்தான் உவமை சொன்னார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்தின் தலைவராயிருந்த இரண்டாம் கீகோ, வாசிப்பு, தியானம், ஜெபம், உள்நோக்கு என நாலு படி வைத்த ஏணியொன்றைக் காட்டினார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது. தியானம் அதை மெல்லுகிறது. ஜெபம் சுவையைக் கண்டடைகிறது. நாலாவது படி அந்த இனிமையேதான் என்றார். உருவேறத் திருவேறும் என்ற நம் பழமொழி அவருக்குத் தெரிந்திருந்தால் ஏணியே தேவைப்பட்டிருக்காது.

தேவனுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்றால் சொல் எதற்கு என்ற கேள்வியை ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற விதவைக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அகுஸ்தீன் எடுத்துக்கொள்கிறார். அவருக்குத் தெரிவிப்பதற்காக அல்ல, நமக்கு நினைவூட்டுவதற்காகவே சொல் வேண்டும் என்பது அவருடைய பதில். எதை விரும்பவேண்டும் என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது. சொல் விருப்பத்துக்குப் பழக்கம் கொடுக்கிறது.

இதெல்லாம் மடங்களுக்குள் இருப்பவர்களுக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பேருந்து பிடிக்கிறவர்களுக்கு இல்லை என்று தோன்றலாம். அதனால் முற்றிலும் வேறொரு மனிதரைப் பார்ப்போம். ஜார்ஜ் முல்லர் பிரஷ்யாவில் 1805-இல் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்தியவர். யாரிடமும் பணம் கேட்காமல், தேவனிடம் மட்டுமே கேட்டுப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வளர்த்தவர் என்று நம்முடைய பிரசங்க மேடைகளில் அடிக்கடி பெயர் சொல்லப்படுகிறவர். பதில் கிடைக்கும் ஜெபத்துக்கு அவரைவிட எடுத்துக்காட்டு வேறு யாரும் இல்லை என்பார்கள். அந்த முல்லர் 1841-இல் தன் குறிப்பில் எழுதியிருப்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

பத்து ஆண்டுகளாகக் காலையில் உடுத்தியவுடன் முழங்காலில் நிற்பது அவர் வழக்கம். பல நாள் கால் மணி, அரை மணி மனம் அலைந்த பிறகே ஜெபம் உண்மையில் தொடங்குமாம். அந்த வருடம் அவர் வரிசையை மாற்றினார். முதலில் ஜெபம் இல்லை. ஆசீர்வாதம் கேட்டு ஓரிரு வார்த்தை. உடனே புதிய ஏற்பாட்டைத் திறந்து, பிரசங்கத்துக்காக அல்லாமல் தன் ஆத்துமாவின் உணவுக்காக வசனம் வசனமாக மென்று வாசிப்பது. சில நிமிடங்களில் ஒரு வசனம் அறிக்கைக்கு இழுக்கும், இன்னொன்று நன்றிக்கு, வேறொன்று பிறருக்காக மன்றாடுவதற்கு. ஜெபிக்க முயலாமலே ஜெபத்துக்குள் வந்துவிட்டதை அவர் ஆச்சரியத்தோடு பதிவு செய்கிறார். முந்நூறு வருட இடைவெளியில், விட்டன்பெர்க் நாவிதருக்குச் சொல்லப்பட்ட அதே இழைகளை அவர் தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். ஆண்டவரின் பிள்ளை முதலில் தேடவேண்டியது ஊழியத்தை அல்ல, தன் ஆத்துமா அவரில் மகிழ்ந்திருப்பதையே என்பது அந்தக் குறிப்பின் மையம். அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டிய மனிதர் இதைச் சொல்கிறார்.

ஜெபம் பழகப் பழக மாறுகிற திறன் என்பதை நம் காலத்தில் மானிடவியலாளர் தான்யா லூர்மன் ஆராய்ந்தார். சிகாகோவிலும் கலிபோர்னியாவிலும் வினியார்டு என்ற சுவிசேஷச் சபைகளில் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து 2012-இல் நூல் எழுதினார். சுவிசேஷக் காட்சிகளுக்குள் கற்பனையில் நுழைந்து ஜெபிக்கும் பயிற்சியை நாளுக்கு அரை மணி, நாலு வாரம் செய்தவர்களையும், அதே நேரம் விரிவுரை கேட்டவர்களையும் ஒப்பிட்டபோது, பயிற்சி செய்தவர்களின் மனக்காட்சிகள் கூர்மையடைந்திருந்தன. தேவன் இருக்கிறாரா என்பதற்கு இது சான்றல்ல. அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஜெபம் எனக்கு வராது என்று கைவிட்டவர்களுக்கு இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. செராபியோன் கிழவரை இங்கே நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. கூர்மையான உருவம் ஒரு வரம், அதுவே ஒரு நாள் அழவும் வைக்கும்.

அவிலாவின் தெரேசாள் துறவு மடத்தில் சேர்ந்தது 1535-இல். நாவிதரின் புத்தகம் வந்த அதே வருடம். ஆனால் அந்த ஸ்பானிய மடத்துக்குள் லூதரின் ஒரு வரியும் போயிருக்காது. ஜெபத்தின் மாபெரும் ஆசிரியை என்று உலகம் கொண்டாடும் இந்தப் பெண், பதினெட்டு வருடம் கையில் புத்தகமில்லாமல் ஜெபத்தில் உட்காரத் துணிந்ததில்லை என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். திறந்து வாசிக்காவிட்டாலும் கையில் இருந்தாலே போதும், சிதறி வரும் எண்ணங்களுக்கு அது கேடயம். சில ஆண்டுகளில் ஜெப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்கே காது வைத்திருந்ததையும் ஒளிக்கவில்லை. 1559-இல் ஸ்பெயினின் திருச்சபை விசாரணை மன்றம் தாய்மொழியில் இருந்த பல பக்தி நூல்களைத் தடை செய்து பட்டியலிட்டபோது அவர் பட்ட வருத்தம் அதனால்தான் அவ்வளவு பெரிது.

ஜெபத்தின் வளர்ச்சியை அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நாலு விதமாகச் சொல்கிறார். கிணற்றில் வாளி விட்டுக் கையால் இறைப்பது, சக்கரத்தில் வாளிகளைக் கட்டிச் சுற்றி இறைப்பது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ பாய்வது, மழை. கை வலி குறையக் குறைய நீர் கூடுகிறது. விவசாயம் தெரிந்த தமிழருக்கு இதில் விளக்கம் தேவையில்லை. ஆனால் கிணறே வறண்டு வாளி வெறுமையாக வரும் நாட்களைப் பற்றி அவர் சொல்வதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். தோட்டம் அவருடையது, நாம் வேலையாள். வாளியை விட்டு இழுப்பது நம் பங்கு, செடி வாடாமல் பார்த்துக்கொள்வது அவர் பாடு. வறட்சி வந்தால் ஏதோ பாவம் ஒளிந்திருக்கிறது என்று உடனே குற்றப்பத்திரிகை வாசிக்கும் நம் ஆலோசகர்கள் இந்தப் பக்கத்தைப் படித்ததில்லைபோலும்.

‘நிறைவின் வழி’ என்ற நூலில் அவர் சொல்லும் சகோதரி ஒருவரை எனக்கு மறக்கவே முடியாது. அந்த அம்மாள் தெரேசாளிடம் மிகுந்த கவலையோடு வருகிறார். மற்றவர்கள் மௌனத் தியானத்தில் எங்கெங்கோ போகிறார்கள், எனக்கோ வாயால் சொல்லும் ஜெபத்தைத் தவிர ஒன்றும் வராது என்று முறையிடுகிறார். என்ன சொல்லி ஜெபிக்கிறீர்கள் என்று தெரேசாள் விசாரிக்கிறார். கர்த்தர் கற்பித்த ஜெபம்தான். பேசப் பேசத் தெரேசாளுக்குப் புரிகிறது: அந்த ஒரே ஜெபத்தைப் பிடித்துக்கொண்டே இவர் மிக உயர்ந்த உள்நோக்கு நிலைக்குப் போய்விட்டார், அது அவருக்கே தெரியவில்லை. நான்காம் படியில் நின்றுகொண்டு முதல் படி ஏறத் தெரியவில்லையே என்று அழுதிருக்கிறார்.

தமிழில் இந்த வரலாறு கடற்கரையில் தொடங்குகிறது. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள்; சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்து, விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், மரியே வாழ்க முதலியவற்றைத் தமிழில் பெயர்க்கவைத்து மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு ஊரைச் சுற்றி ஆட்களையும் பிள்ளைகளையும் கூட்டி, ஒரு மாதத்தில் ஜெபங்களைக் கற்பித்ததையும், பிள்ளைகளை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னதையும் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். லிஸ்பனில் 1554-இல் ரோமானிய எழுத்தில் அச்சான தமிழ்க் கையேட்டில் இருப்பவையும் இத்தகைய ஜெபங்களும் உபதேசமும்தான். அன்றிக்கு அடிகளார் பெயர்த்து 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 16 பக்க நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. நம் மொழி அச்சேறியதே ஜெபத்தையும் உபதேசத்தையும் சுமந்துகொண்டுதான்.

சவேரியார் செய்வித்த அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றுவிட்டது. தாமதமாகப் புரிந்துகொண்ட சவேரியார், உடன் ஊழியர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில், வேணும் என்றால் எனக்கு வேண்டும் என்று பொருள், அதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடுங்கள் என்று திருத்தினார். கடற்கரை முழுதும் ஆயிரக்கணக்கானோர் வானத்தையும் பூமியையும் படைத்தவரை ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மொழிபெயர்ப்புப் பிழையாகத் தெரிந்தாலும் ஜெபமாக அது பிழையா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஆனால் நம் ஜெபங்களில் ‘வேணும்’ என்பதற்குப் பின் தேவன் வருவது குறைவு. வேலை, விசா, வீடு, வரன்தான் வருகின்றன.

பலனுள்ள ஜெபம் என்பதை இந்த ‘வேணும்’ கணக்கில் அளக்கப் பார்த்தவர்கள் உண்டு. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1872-இல் புள்ளிவிவரம் எடுத்தார்: அரசகுலத்தாரின் நீடித்த ஆயுளுக்காக நாடே ஜெபிக்கிறது, ஆனால் அவர்கள் மற்ற வசதி படைத்தோரைவிட நீண்ட நாள் வாழவில்லை. 2006-இல் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழுவின் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இருதய மாற்றுவழி அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர். ஒரு பிரிவினருக்காக ஜெபம் செய்யப்பட்டது, இன்னொன்றுக்குச் செய்யப்படவில்லை. ஜெபம் உண்டா இல்லையா என்பது இரு பிரிவுக்கும் தெரியாது. சிக்கல் ஏற்பட்டவர்கள் முறையே 52, 51 சதவீதம். தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லப்பட்ட மூன்றாம் பிரிவில் 59 சதவீதம். இவ்வளவு மோசமா என் நிலை என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. முன்பின் தெரியாத நோயாளியின் முதற்பெயரையும் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் வைத்துக்கொண்டு, ஆய்வாளர் எழுதிக்கொடுத்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்து ஜெபித்தார்கள். அதுவும் இரவல் சொல்தான். ஆனால் யாரும் அதைப் போட்டுத் தேய்க்கவில்லை. அதைச் சொல்லி யாருக்கும் தூக்கம் கெடவில்லை. இந்த ஆய்வை வைத்து ஜெபம் பொய் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, ஆய்வே தவறு என்று சாதிப்பவர்களோடும் இல்லை. இறைப்பவனின் கை பழகியதா என்பதை விட்டுவிட்டுச் செடியின் உயரத்தை மட்டும் அளந்திருக்கிறார்கள்.

லூதரின் நாவித நண்பருக்குத் திரும்புவோம். புத்தகம் வெளிவந்த சில வாரங்களில், அதே 1535-இன் ஈஸ்டருக்கு முந்தைய நாள், விருந்தொன்றில் குடித்திருந்த நேரத்தில் பேத்தர் தன் மருமகனைக் குத்திக் கொன்றுவிட்டார். அந்த மருமகன் போர்வீரன். எந்த ஆயுதமும் தன்னைத் தீண்டாது என்று பீற்றிக்கொண்டிருந்தான். கத்தியின்மேல் கண்ணை வைத்திரு என்ற உவமைக்கு இடம் கொடுத்த கை அது. அந்தச் சிறுநூலில் கொலை செய்யாதே என்ற கட்டளைக்கும் லூதர் நாலு இழைகளைப் பின்னிக் கொடுத்திருந்தார்: பாடம், நன்றி, அறிக்கை, விண்ணப்பம். லூதரும் மற்றவர்களும் மன்றாடியதால் மரண தண்டனை தவிர்ந்தது. சொத்தை இழந்து, ஊரைவிட்டுத் தெசாவ் நகரத்துக்குப் போனார் பேத்தர்.

நூலின் பெயர் மாறவில்லை. ‘ஜெபிக்கும் எளிய முறை: ஒரு நல்ல நண்பனுக்காக’ என்றே அது இன்றும் அச்சாகிறது.